பூஜையில் நின்ற சைக்கிள்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜை வந்துவிட்டால் பொட்டுக்குத் தப்பிய பொருள் எதுவும் இருக்காது. மிக்ஸி, கிரைண்டர், அரிவாள்மணை, பிரிட்ஜ், அப்பாவின் பைக், ஏன், டிவி ரிமோட்டுக்குக்கூட நெற்றி மாதிரி ஓர் இடம் பார்த்து ஒரு சின்னப் பொட்டு உண்டு. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினால் நாங்களே கொஞ்சம் ஒதுங்கி நின்றுகொள்வோம். அப்படிப்பட்ட அம்மா ஒரு வருஷம் ஓர் இடத்தில் மட்டும் பொட்டு வைக்காமல் விட்டாள். அதைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆனால் அதற்கு முன்னால் அத்தையின் சைக்கிளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. அவர்களுடைய அப்பா அம்மா நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதனால் அத்தை எங்களோடுதான் ஸ்ரீரங்கத்தில் இருந்தாள். தென்னூரில் ஒரு வங்கியில் வேலை. அப்பாவுக்குக் கைலாசபுரத்தில் தொழிற்சாலை வேலை. அம்மாவுக்கு எங்கள் மூவரையும் மேய்க்கிற வேலை.

சம்பளத்தில் சேர்த்துவைத்து அத்தை ஒருநாள் சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்தாள். நாங்கள் பார்த்த சைக்கிள்களின் ஜாதியே இல்லை அது. ஸ்டாண்டு கிடையாது, கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது. ஹேண்டில் ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்திருந்தது. மணி பேருக்கு ஒன்று, சட்டைப் பொத்தான் அளவில். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “எல்லாத்தையும் கழட்டிட்டுக் குடுக்கிறதுக்கா இவ்ளோ வெல வாங்குறான்?” என்றார்.

வெளியே வைத்தால் கீறல் விழும் என்று அதை ஹாலிலேயே சுவரோரம் சாய்த்து வைத்தாள் அத்தை. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, அல்லது பிடிக்காத மாதிரிதான் பேசுவாள். பெருக்கும்போதெல்லாம், “மகாராஜாவுக்கு ஹால்லதான் எடம் வேணும். கொஞ்சம் காலைத் தூக்குங்க மகாராஜா” என்று சைக்கிளிடம் சொல்லிவிட்டு, அதை ஒரு கையால் தூக்கி நகர்த்துவாள். அதன் எடை எங்கள் தண்ணீர்க் குடத்தைவிடக் குறைவு என்று எங்களில் முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் அத்தை கிளம்பிவிடுவாள். முதல்நாள் சாயங்காலமே போனில் வரைபடத்தை விரித்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்துவிடுவாள். நானும் பக்கத்தில் படுத்துக்கொள்வேன். அவளுக்கு வழி என்றால் ஒன்று மலைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் தண்ணீரை ஒட்டியே போக வேண்டும். மண்ணச்சநல்லூர், துறையூர் தாண்டிப் பச்சைமலை ஏறுவது ஒரு வழி. முக்கொம்பு, பெட்டவாய்த்தலை, குளித்தலை என்று காவிரியின் தென்கரையில் போய், பாலத்தில் முசிறிக்குக் கடந்து, வாழைத் தோப்புகளுக்கு நடுவே வடகரையில் திரும்பி வருவது இன்னொரு வழி. எனக்கு எதைப் பார்த்தாலும் கேள்வி வரும். மலை ரோடு ஏன் நேராக ஏறாமல் பாம்பு மாதிரி போகிறது? ஏறும்போது கால் வலித்தால் பாதியில் நின்றால் சைக்கிள் பின்னால் உருண்டுவிடாதா? மேலே இருப்பவர்கள் கறிகாய் வாங்க எங்கே போவார்கள்? அத்தை ஒரு கேள்வியையும் தட்ட மாட்டாள். அவளுக்கும் கேட்டுக்கொண்டே இருக்க ஆள் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

“ஏறும்போது எதுத்தாப்புல யாரு வந்தாலும் கோவம் வருதுடி. எறங்கும்போது எல்லாரையும் புடிச்சிருது” என்பாள் பச்சைமலையைப் பற்றி. இறங்கும்போதுதான் ஆபத்து என்றும் சொல்வாள். சக்கரத்தின் நடுவில் மெல்லிய இரும்புத் தட்டு ஒன்று இருக்கும். பிரேக் அதைத்தான் கவ்விப் பிடிக்குமாம். அதில் எண்ணெய், பிசுக்கு, விரல் ரேகைகூடப் படக்கூடாது. நான் ஒருமுறை ஆசையாக அதைத் தொடப் போனபோது ஒரு அதட்டுப் போட்டாள். “அதுல ஒரு சொட்டு எதாவது பட்டா கொண்டை ஊசி வளைவுல நான் நேரா போயிடுவேன்டி.” இதெல்லாம் சமையலறை வாசலில் நடக்கும் பேச்சு. அம்மா காதிலேயே வாங்காமல் மிக்ஸியைப் போட்டுவிடுவாள்.

எங்கள் பள்ளி வேன் தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போகும். ஒரு மழைக்காலத்தில் கரை முட்டப் போன தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்து, இது எங்கே போய் முடியும் என்று கேட்டேன். கடலுக்கு என்றாள் அத்தை. அது எனக்கும் தெரியும், பாடத்தில் இருக்கிறது. ஆனால் முடிகிற இடம் எப்படி இருக்கும்? கோடு போட்ட மாதிரி இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் கடல் என்று இருக்குமா? மீன்களுக்குத் தெரியுமா? அத்தை யோசித்துப் பார்த்துவிட்டு, “நானும் பாத்ததில்லையே” என்றாள். பிறகு வரைபடத்தை விரலால் கிழக்கே தள்ளிக்கொண்டே போனாள். கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை. கடைசியில் பூம்புகார், அதற்கப்புறம் வெறும் நீலம். “ஆத்த விடாம புடிச்சுக்கிட்டே போனா ஒரே நாள்ல போயிடலாம்டி. போயிப் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

அந்த வழியை அவள் போனில் ஒரு சிவப்புக் கோடாக வரைந்து சேமித்து வைத்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் போதவில்லை. அடுத்தாற்போல இரண்டு நாள் விடுமுறை வேண்டும் என்று காத்திருந்தாள்.

அதற்குள் முசிறியிலிருந்து ஒரு வரன் வந்தது. வாழைக்காய் மண்டி வைத்திருக்கும் நல்ல குடும்பம். வந்தார்கள், பார்த்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள். ஹாலில் நின்ற சைக்கிளையும் பார்த்தார்கள். யாருடையது என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். அப்பா சொன்னார். அந்த அம்மா சிரித்தார். இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆனால் அந்த சைக்கிள் சமாச்சாரம் மட்டும் வேண்டாம், எங்கள் பக்கம் நாலு பேர் பார்த்தால் ஒரு மாதிரி பேசுவார்கள் என்றார்களாம்.

அப்பா கெட்டவர் இல்லை. தங்கையைக் கரையேற்றாமல் தனக்கு நிம்மதியான தூக்கம் இல்லை என்று நம்பியவர். “தாய் தகப்பன் இல்லாத பொண்ணு. நாளைக்கு ஒண்ணுன்னா ஊரு என்னையத்தான கேக்கும்” என்பார். அத்தை சொன்னாள். “ஆயுத பூஜை லீவுல பூம்புகார் மட்டும் போயிட்டு வந்துடறேண்ணே. அதுக்கப்புறம் யாருக்கு வேணா குடுத்துடுங்க.”

“பாக்கலாம்” என்றார் அப்பா. எங்கள் வீட்டில் அப்பா பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது எனக்கே தெரியும். அத்தை என்னவோ அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு, புது டியூபெல்லாம் வாங்கி வைத்தாள்.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் மத்தியானம் நான் வீட்டில் இருந்தேன். அம்மாவுக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது. அம்மா “ம்... ம்... சரிங்க” என்று மட்டும் சொன்னாள். போனை வைத்த கையோடு சந்தனம் கரைக்க ஆரம்பித்துவிட்டாள்.

எனக்கு ஆச்சரியம். எப்போதும் பூஜையன்று காலையில் குளித்து முழுகின பிறகுதான் எதையும் எடுத்து வைப்போம். கதம்பம்கூட இன்னும் வாங்கவில்லை. சாமி படத்தில் இருந்த நேற்றைய பூவையே கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டாள். ஏன் இன்றைக்கே என்று கேட்டேன். “இன்னைக்கு சாயங்காலம் நல்ல நேரமாம். போ, புஸ்தகத்தையெல்லாம் எடுத்துட்டு வா” என்றாள். படிக்க வேண்டாம் என்றால் எனக்குக் கசக்குமா? கணக்குப் புத்தகத்தை அடியில் போட்டு மொத்தத்தையும் கொண்டுவந்து குவித்தேன்.

முதலில் வைத்தது சைக்கிளைத்தான். சாமி படத்துக்கு நேர்கீழே அதைச் சாய்த்து, ஈரத் துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் துடைத்து, ஹேண்டிலுக்கு, சீட்டுக்கு, பெடலுக்கு, கம்பிக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். டயரை நெருங்கியதும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, சக்கரத்தின் நடுவில் இருந்த அந்தத் தட்டைக் கையால் படாமல் பழைய செய்தித்தாளைச் சுற்றி மூடினாள். அதற்கப்புறம்தான் வேலையைத் தொடர்ந்தாள். அங்கே ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

“அது பிரேக்குடி. சந்தனம் பட்டா பிடிக்காது” என்றாள்.

சரி என்று நானும் விட்டுவிட்டேன். அதன் பிறகு மிக்ஸி, அரிவாள்மணை, என் புத்தகங்கள் எல்லாம் சக்கரத்தைச் சுற்றி வந்து உட்கார்ந்தன. சூடம் காட்டினாள். வழக்கமாகப் பாதி வீட்டை நிரப்பும் பூஜை அன்று அரை மணி நேரத்தில் முடிந்தது.

சாயங்காலம் அப்பா ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கைலாசபுரம் டவுன்ஷிப்பில் இருப்பவர், அப்பாவோடு வேலை பார்ப்பவர். வாசலில் ஒரு லோடு ஆட்டோ நின்றது. அவர் கையில் கயிறு. கயிறு எதற்கு அங்கிள் என்று கேட்டேன். “பையன் காலேஜ் சேந்திருக்கான், அவனுக்கு இந்த சைக்கிள்...” என்று ஆரம்பித்தவர், பொட்டும் பூவுமாக நின்ற சைக்கிளைப் பார்த்ததும் செருப்பை இன்னும் தள்ளி விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. “இன்னைக்கேவா வெச்ச?”

“நல்ல நேரமா இருந்துச்சுங்க.”

“அவரு வண்டியோட வந்திருக்காரு. எடுத்துக் குடுத்துடலாம்.”

அம்மா பதில் சொல்வதற்குள் வந்தவரே பதறிவிட்டார். “ஐயய்யோ, பூஜையில இருக்கிறதையா? வேணாம் சார். எங்க வீட்டுல கேட்டா என்னையச் சேக்க மாட்டாங்க. விஜயதசமி அன்னைக்கு வந்து எடுத்துக்கிறேன்.” பொரிகடலை சாப்பிட்டுவிட்டு, கயிற்றை எடுத்துக்கொண்டு போனார். அத்தையிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும், நான் வாயைத் திறக்கக் கூடாது என்றும் அப்பா சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அத்தை வங்கியிலிருந்து வந்தாள். மறுநாள் விடியற்காலையில் கிளம்ப வேண்டியவள். வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் தொடக்கூடாது, விஜயதசமிக்கு மறுபூஜை ஆன பிறகுதான் எடுக்கலாம். இது அவளுக்கும் தெரியும்.

“நாளைக்கு நான் போறேன்னு உங்களுக்குத் தெரியுமே அண்ணி” என்றாள். “எங்கண்ணன் தடுத்தாகூட எனக்கு ஆறியிருக்கும். நீங்க சாமியக் கொண்டாந்து குறுக்க வெச்சுட்டீங்களே.”

அம்மா தட்டில் சுண்டலை எடுத்து நீட்டினாள். அத்தை அதை வாங்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

எனக்கு அம்மாமேல் கோபமாக வந்தது. அப்பா சைக்கிளைக் கொடுக்க நினைத்தார், முடியவில்லை. அத்தை சைக்கிளில் போக நினைத்தாள், அதுவும் முடியவில்லை. ஒரே கிண்ணம் சந்தனத்தில் இரண்டு பேர் காரியத்தையும் கெடுத்துவிட்டு, இந்த அம்மா எதுவுமே நடக்காத மாதிரி எப்படி உளுந்து ஊறவைக்கிறாள் என்று இருந்தது. ஆற்றின் முடிவும் எனக்குத் தெரியாமலே போய்விடும்.

பூஜையன்று அத்தை யாரிடமும் பேசவில்லை. சாயங்காலம் அப்பா அவளைக் கூப்பிட்டு, நாளைக் காலையில் ஆள் வந்து சைக்கிளை எடுத்துப் போவார் என்று சொன்னார். அத்தை தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு போனில் அந்தச் சிவப்புக் கோட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அழிக்கப் போகிறாளோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழிக்கவில்லை.

விஜயதசமியன்று அம்மா எங்கள் எல்லோரையும் இருட்டு பிரிவதற்குள் எழுப்பிவிட்டாள். மறுபூஜை முடிந்தது. வைத்ததையெல்லாம் எடுத்து ஒரு தடவையாவது உபயோகிக்க வேண்டும், அதுதான் முறை. நான் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தேன். அம்மா மிக்ஸியை ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்பா பைக்கை உதைத்து ஸ்டார்ட் செய்து நிறுத்தினார். கடைசியில் சைக்கிள்.

“ஓட்டாம குடுக்கக் கூடாதுங்க” என்றாள் அம்மா அப்பாவிடம். “பூஜையில வெச்சத அப்படியே தூக்கி இன்னொருத்தர்கிட்ட குடுத்தா வீட்டு லட்சுமியக் குடுத்த மாதிரி.”

“சரி சரி. தெருமுனை வரைக்கும் ஓட்டிட்டு வரட்டும்” என்றார் அப்பா. அவருக்கும் இந்த விஷயத்தில் பயம் உண்டு.

அத்தை நைட்டியோடு எழுந்து வந்தாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “இதோடயா ஓட்டுவ? போயி அந்த சைக்கிள் சட்டையப் போட்டுக்கிட்டு வா. தலைக்கும் மாட்டிக்க.” அத்தை போய் உடுத்திக்கொண்டு வருவதற்குள் அம்மா இரண்டு பாட்டிலிலும் தண்ணீர் நிரப்பிச் செருகியிருந்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். அந்தச் சட்டையின் முதுகுப் பக்கம் இருந்த பைகளில் பொட்டலம் பொட்டலமாக எதையோ திணித்து, “பிரசாதம்” என்றாள். பொரிகடலையும் வெல்லமும் அவ்வளவு கனமாக இருக்காது. நான் எட்டிப் பார்த்தேன், புளிசாதம் மாதிரி இருந்தது.

அத்தை அம்மாவின் முகத்தையே பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். “எவ்ளோ தூரம் ஓட்டணும் அண்ணி?”

அம்மா சக்கரத்தில் சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். “அதுக்கெல்லாம் சாஸ்திரத்துல கணக்கு ஒண்ணும் சொல்லல” என்றாள்.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. அத்தை தெருமுனைக்குப் போனாள். தெருமுனையில் திரும்பி மறைந்தாள்.

அப்பா குளித்துவிட்டு வந்தார், பேப்பர் படித்தார், இரண்டு தடவை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். அதற்குள் டவுன்ஷிப்காரரும் கயிற்றோடு வந்துவிட்டார். நான் அம்மாவின் போனை எடுத்துப் பார்த்தேன். அத்தை எங்கே போனாலும் தான் இருக்கும் இடத்தை அம்மாவின் போனுக்கு அனுப்பி வைப்பாள். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி நகர்ந்துகொண்டே இருக்கும். உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னேன்.

“அப்பா, அத்தை கல்லணை தாண்டிட்டாங்க.”

அப்பா போனைப் பிடுங்கிப் பார்த்தார். அம்மா உள்ளே சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். அப்பா அடுப்படி வாசலில் போய் நின்று அவளையே பார்த்தார். அவளும் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அத்தைக்குப் போன் செய்தார், அவள் எடுக்கவில்லை. வந்தவருக்குக் காபி கொடுத்தோம். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து புள்ளியைப் பார்க்க ஆரம்பித்து, “இந்த வேகத்துல போனா மத்தியானம் கும்பகோணம் போயிடுவாங்க போலிருக்கே சார்” என்று மெய்ம்மறந்து சொல்லி, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் காபியை அவசரமாகக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் வேறு வேலையே நடக்கவில்லை. திருவையாறு வரைக்கும் அப்பா கோபமாக இருந்தார். கும்பகோணம் வந்தபோது, “சாப்பிட்டிருப்பாளா?” என்றார். குத்தாலத்துக்குப் பக்கத்தில் புள்ளி நின்றுவிட்டது. ரொம்ப நேரம் நகரவில்லை. அப்பா சட்டையை மாட்டி, பைக் சாவியை எடுத்துவிட்டார். “மழையா இருக்கும். எங்கயாவது ஒதுங்கியிருப்பா. உக்காருங்க” என்றாள் அம்மா. சொல்லிவிட்டுச் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவளுக்கும் பயம்தான். புள்ளி மறுபடி நகர்ந்தபோது அப்பா சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

சாயங்காலம் புள்ளி நீலத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. உடனே போன் வந்தது. அம்மா எடுத்தாள். காற்றுச் சத்தம் போனுக்கு வெளியே வரைக்கும் கேட்டது. அத்தை அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. அம்மா “ம்... ம்... சரி... பாத்து வா” என்று மட்டும் சொல்லி என்னிடம் கொடுத்தாள். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“நம்ம தெரு அகலம்தான்டி இருக்கு” என்றாள் அத்தை. “வாய்க்கால் மாதிரி வந்து பேசாம உள்ள போயிடுது. இதுக்கா இவ்ளோ தூரம் மிதிச்சேன்னு இருக்கு. ஆனா எந்திரிச்சு வர மனசு இல்ல.”

எனக்குப் பெரிய ஏமாற்றம். பாலத்தடியில் அவ்வளவு அகலமாகப் போகிற காவிரி அங்கே அவ்வளவுதானா என்று அம்மாவிடம் கேட்டேன். “வர்ற வழியெல்லாம் வயலுக்குக் குடுத்துட்டுப் போனா அவ்வளவுதான் மிஞ்சும்” என்று சொல்லிவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

மறுநாள் நான் எழுந்தபோது சைக்கிள் பழைய இடத்தில் சுவரோரம் சாய்ந்திருந்தது. மயிலாடுதுறையிலிருந்து பஸ் டிக்கியில் படுத்துக்கொண்டு வந்ததாம். அம்மா பெருக்கிக்கொண்டே, “வீடெல்லாம் கடல் மண்ணு. மகாராஜா ஊரு சுத்திட்டு வந்துட்டாரு” என்று திட்டினாள். அத்தை ஓடிவந்து அவள் கையிலிருந்த விளக்குமாற்றைப் பிடுங்கித் தானே பெருக்கினாள். பெருக்கும்போது மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். தூசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த சைக்கிளைக் கொடுக்க மாட்டேன் என்று அத்தை அப்பாவிடம் நேராகவே சொன்னாள். முசிறிக்காரர்களிடமும் தானே போனில் சொன்னாள். அவர்கள் அப்புறம் பேசவில்லை. பிறகு வேறு இடத்தில் கல்யாணமாகி இப்போது கும்பகோணத்தில் இருக்கிறாள். அவள் வீட்டு ஹாலிலும் அது சுவரோரம்தான் நிற்கிறது.

அப்பா பல நாள் அம்மாவிடம் பேசவில்லை. சாப்பாடு வேண்டுமென்றால் என்னை விட்டுக் கேட்பார். சொல்லாமல் ஓடியது அத்தை, கோபம் மட்டும் ஏன் அம்மாமேல் என்று எனக்குப் புரியவே இல்லை. அதை அம்மாவிடமே கேட்டேன். “அவரு கோவம் நியாயம்தான்டி” என்றாள், சிரித்தாள்.

போன ஆயுத பூஜைக்கு என் வாடகை வீட்டில் லேப்டாப்புக்குப் பொட்டு வைக்க உட்கார்ந்தேன். திரையில் பட்டுவிடக் கூடாதே என்று அதை மட்டும் துணியால் மூடினேன். நாளைக்கு வேலை செய்ய வேண்டுமே. மூடிய கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா அன்றைக்குச் சுற்றிய செய்தித்தாள் ஞாபகத்துக்கு வந்தது. மலை ஏன் வளைகிறது, மீனுக்குக் கடல் தெரியுமா, கயிறு எதற்கு என்று அந்த வயதில் நான் கேட்காத கேள்வி கிடையாது. பூஜையில் நிற்கிற சைக்கிளுக்கு பிரேக் எதற்கு என்று மட்டும் கேட்கவில்லை.